சேஜ் இலையும் ஒரு கரண்டி வெண்ணெயும்

சேஜ் என்ற ஐரோப்பியச் சமையல் மூலிகைச் செடியை வாங்கியவர்கள் "இதை வைத்து என்னதான் செய்வது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஆசையாக ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டிருப்பார்கள். கற்பூர நெடி, கசப்பு, நாக்கில் உரசும் சொரசொரப்பு. அன்றோடு அந்தச் செடி ஜன்னலோரத்து அலங்காரம் ஆகிவிடும். புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையாகத் தூவிப் பழகிய கை இதையும் அப்படியே தூவப் பார்க்கிறது. சேஜ் அந்த ரகம் இல்லை. அதற்குச் சூடு வேண்டும், கொழுப்பு வேண்டும், கை அளவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால், குளிர்ந்த மாலையில் வீடு முழுக்க மணக்கச் செய்ய இதைவிட நல்ல இலை எனக்குத் தெரியவில்லை.

ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் பூத்த பச்சை நிறம். மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள். அடிப்பக்கம் வெளுத்து, மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். அந்த ரோமங்களுக்கு நடுவில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. விரலால் தேய்த்தால் அவை உடைந்து வாசனை எழும்பும். முதலில் கற்பூரம், பிறகு யூகலிப்டஸ் தைலத்தின் குளிர்ச்சி, கடைசியாக மிளகை நினைவுபடுத்தும் ஒரு காரம். இது மூக்கின் கற்பனை இல்லை. கற்பூர மணம் தரும் கேம்ஃபரும், யூகலிப்டஸ் மணம் தரும் சினியோலும் உண்மையாகவே இந்த இலையில் இருக்கின்றன. கூடவே தூஜோன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இந்த வாசனைப் பொருட்கள் எல்லாம் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சேஜைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்வதானால் அது இதுதான். வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ முதலில் இலையைத் தொட வேண்டும். அது வாசனையை வாங்கிக்கொண்டு சாப்பாடு முழுக்கப் பரப்பிவிடும். கொதிக்கும் சூப்பில் இலையை அப்படியே போட்டால் கசப்பு முன்னால் வரும், மணம் பின்தங்கிவிடும்.

நான் அடிக்கடி செய்வது இத்தாலியின் சேஜ் வெண்ணெய். உட்புறம் வெளிர் நிறமாக உள்ள, அடி கனமான சட்டி வேண்டும். கறுப்புச் சட்டியில் வெண்ணெயின் நிறம் மாறுவது தெரியாது. இரண்டு பேருக்கு உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், இலை எட்டுப் பத்து. இலையைக் கழுவியிருந்தால் துணியில் ஒற்றி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். தீ மிதமாக இருக்கட்டும். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது ஆவியாகிற வரை சட்டியில் சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கத் தொடங்கியதும் வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள். நுரை மெலிந்து, அடியில் தங்கிய பாலின் துகள்கள் பொன்னிறமாக மாறி, வறுத்த பாதாம் வாசனை வரும். இலைகளைப் போட வேண்டிய நேரம் அதுதான்.

இலை விழுந்ததும் அதன் ஓரமெல்லாம் குமிழ் கட்டும். இலையிலிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. அரை நிமிடம் போனால் குமிழ்கள் குறையும், இலை கரும்பச்சையாகி, கண்ணாடித்தன்மை வந்துவிடும். உடனே எடுத்துத் தாளில் வைத்து, கல் உப்பைப் பொடித்துத் தூவுங்கள். சட்டியில் இருக்கும்போது இலை துவண்டுதான் கிடக்கும். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். பழுப்பு நிறம் வரும்வரை காத்திருந்தால் கசந்துவிடும். பச்சையாக இருந்தபோது நாக்கில் உரசிய அந்த ரோமம் இப்போது தெரியவே தெரியாது. நெடியும் தணிந்து மென்மையாகியிருக்கும். செடியை ஓரங்கட்டிய ஒருவருக்கு இந்த ஒரு இலையைத் தின்னக் கொடுத்தால் போதும், வேறு வாதம் தேவையில்லை.

அந்த வெண்ணெயை எதன் மேல் ஊற்றலாம்? வட இத்தாலியில் பூசணிக்காய் உள்ளே வைத்த ரவியோலி என்ற பாஸ்தா மேல் ஊற்றுகிறார்கள். அதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை என்பேன். பூசணியின் தித்திப்பை சேஜின் கசப்பு பிடித்து நிறுத்துகிறது. வெறும் பாஸ்தா, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, காளான், பொரித்த முட்டை எல்லாமே இதற்குச் சரிப்படும். மாவுச்சத்தோ கொழுப்போ தித்திப்போ உள்ள எதனோடும் சேஜ் ஒத்துப்போகும். வெள்ளரிக்காய், கீரை, மென்மையான மீன் போன்றவற்றோடு சேர்த்தால் அவற்றின் ருசியை அமுக்கிவிடும். அந்த இடங்களில் நான் இதைத் தொடுவதே இல்லை.

அடுத்தது பீன்ஸ். இத்தாலியின் டஸ்கனி பகுதியினர் இதைக் கலையாகவே வைத்திருக்கிறார்கள். இரவு ஊறவைத்த வெள்ளை பீன்ஸ், தோலோடு நசுக்கிய பூண்டு நான்கு பல், ஒரு கொத்து சேஜ், தாராளமாக ஆலிவ் எண்ணெய். எல்லாவற்றையும் தண்ணீரோடு ஒரே பாத்திரத்தில் போட்டு, மேலே லேசாகத் தளும்பும் அளவு சிறு தீயில் வேகவிட வேண்டும். வெந்த பிறகு கொத்தை எடுத்துப் போட்டுவிடலாம், அதன் வேலை முடிந்தது. இதிலேயே தக்காளி சேர்த்தால் ஃபஜியோலி அல்லுச்செல்லெத்தோ என்ற பண்டம். இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு ரோம் நகரத்து சால்திம்போக்கா இருக்கிறது. மெல்லிய கன்றிறைச்சித் துண்டின் மேல் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியும் ஒரு முழு சேஜ் இலையும் வைத்து, குச்சியால் குத்தி, வெண்ணெயில் வதக்குவது. இங்கிலாந்தில் இறைச்சிக்கு உள்ளே வைக்கும், வெங்காயமும் சேஜும் சேர்ந்த ஸ்டஃபிங், லிங்கன்ஷயர் சாசேஜ், பச்சை வரி ஓடும் சேஜ் டெர்பி பாலாடைக்கட்டி. அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் வான்கோழிக்கு உள்ளே வைக்கும் ரொட்டிக் கலவையின் வாசனையும் பெரும்பாலும் சேஜ்தான்.

கொழுத்த இறைச்சியோடு இவ்வளவு இடங்களில் இது ஒட்டிக்கொண்டதற்கு ருசி மட்டும் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். சேஜில் கார்னோசிக் அமிலம், ரோஸ்மரினிக் அமிலம் என்ற பொருட்கள் உண்டு. கொழுப்பு காற்றுபட்டுச் சிக்கு வாடை அடிப்பதை இவை தாமதப்படுத்துகின்றன. ரோஸ்மேரியிலும் இதே பொருட்கள்தான். இரண்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். 2017-இல் தாவரவியலாளர்கள் ரோஸ்மேரியையும் சேஜின் பேரினமான சால்வியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். துளசியும் புதினாவும் கொஞ்சம் தள்ளி அதே குடும்பத்தில் வருகின்றன.

காய்ந்த சேஜ் பற்றி ஒரு வார்த்தை. துளசி வகைகள், கொத்தமல்லி எல்லாம் காய்ந்தால் வைக்கோல்தான். சேஜ் காய்ந்தாலும் வாசனையை விடாது, சொல்லப்போனால் இன்னும் இறுகும். அதனால் பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு போதும். கொத்தாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நொறுங்கும் பதத்தில் முழு இலைகளாகவே டப்பாவில் போட்டு வையுங்கள். தேவையானபோது கையால் கசக்கிப் போடலாம். மாவாக அரைத்து விற்கும் பொடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணம் சீக்கிரம் போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும்.

சரி, மருத்துவப் பக்கத்துக்கு வருவோம். இத்தாலியின் சலேர்னோ மருத்துவப் பள்ளியின் பெயரில் வழங்கும் இடைக்காலப் பாட்டில், தோட்டத்தில் சேஜ் வளரும்போது மனிதன் ஏன் சாக வேண்டும் என்று ஒரு வரி வரும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதற்கு அடுத்த வரியே, சாவின் வலிமைக்கு எதிராகத் தோட்டங்களில் மருந்து இல்லை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நியாயம்.

நான் ஆசிரியை. நாள் முழுக்கப் பேசுகிற தொண்டை. சேஜ் என் வீட்டில் அடுப்படியை விட்டு வெளியே வந்தது அதனால்தான். தொண்டை கரகரக்கும்போது காய்ந்த இலை இரண்டரை கிராம், அதாவது கையால் கசக்கியது இரண்டு மூன்று தேக்கரண்டி, 100 மில்லி கொதிநீரில் போட்டு மூடி வைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, வெதுவெதுப்பாகத் தொண்டை வரை விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். மூடி முக்கியம், திறந்து வைத்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். வாய் சற்று உலர்ந்து இறுகுவது தெரியும். அது இலையில் இருக்கும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருட்களின் வேலை. வலியைத் தணிக்கிறது, அடுத்த வகுப்பை எடுத்து முடிக்க முடிகிறது. வாய்ப்புண்ணுக்கும் இதே நீர்தான். காய்ச்சல் வந்தாலோ, ஒரு வாரத்தில் சரியாகாவிட்டாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஐரோப்பிய மருந்துகள் முகமை சேஜ் இலையை நான்கு காரியங்களுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது: நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் போன்ற லேசான செரிமானக் கோளாறுகள், அதிக வியர்வை, வாய் தொண்டை அழற்சி, தோலில் சிறு அழற்சி. ஆனால் ஏற்றுக்கொண்ட அடிப்படையைக் கவனிக்க வேண்டும். மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதுதான் அந்த அடிப்படை. பெரிய சோதனைகளில் நிரூபணமானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்த வித்தியாசத்தை மறைத்து "சர்வரோக நிவாரணி" என்று எழுதுபவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

என் வயதுத் தோழிகள் கேட்பது வேறு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடம்பு கொதித்து வியர்த்து ஊற்றுகிறதே, அதற்கு சேஜ் நல்லதாமே? 2011-இல் ஸ்விட்சர்லாந்தில் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 71 பெண்கள் எட்டு வாரம் சேஜ் மாத்திரை எடுத்தார்கள், அந்தக் கொதிப்பின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை கொடுத்த குழு அந்த ஆய்வில் இல்லை. இந்தத் தொல்லையில் போலி மாத்திரைக்கே கணிசமானவர்களுக்குக் குறையும் என்பது தெரிந்த விஷயம். அதனால் தோழிகளிடம், முயன்று பார்ப்பதில் தவறில்லை, மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் பாருங்கள், பெரிதாக நம்பி இருக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

இப்போது தூஜோன். அளவு மீறினால் இது நரம்பு மண்டலத்தைத் தாக்கும், வலிப்பு வரவைக்கும். சமையலில் போடும் எட்டுப் பத்து இலையில் பயப்பட ஒன்றுமில்லை. எப்போதாவது குடிக்கும் டீயும் அப்படித்தான், தண்ணீரில் தூஜோன் குறைவாகவே இறங்குகிறது. ஆபத்து சேஜ் எசென்ஷியல் ஆயிலில் இருக்கிறது. சின்னப் பாட்டிலில், வாசனைக்கு என்று விற்கிறார்களே, அதேதான். அதை ஒரு சொட்டுகூட வாயில் விடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இணையத்தில் "தேனில் இரண்டு சொட்டு" என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கர்ப்பிணிகள் சாப்பாட்டில் போடும் அளவைத் தாண்டி சேஜ் டீயோ மாத்திரையோ எடுக்க வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்களும் அப்படியே. பால் வற்றுவதற்கு என்றே பல இடங்களில் சேஜ் டீ குடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தளவில் எடுக்கக் கூடாது. காய்ந்த சேஜில் வைட்டமின் கே அதிகம் என்பதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

டீ பிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் கறுப்பு டீயில் போடும் மரமியாவும், கிரேக்கர்கள் குடிக்கும் ஃபஸ்கோமிலோவும் பெரும்பாலும் வேறு இனம், சால்வியா ஃப்ரூட்டிகோசா. அதில் சினியோல் தூக்கலாக இருக்கும், தூஜோன் குறைவு. டீக்கு அதன் ருசி இன்னும் தெளிவாக இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

செடி வளர்ப்பது சுலபம், ஒரு விஷயத்தைத் தவிர: தண்ணீர். இது மத்தியதரைக் கடலோரத்துச் செடி. குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் தானாக வளர்வது. அதனால் நல்ல வெயில், மணல் கலந்த மண், அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி. மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வேர் ஈரத்திலேயே நின்றால் அழுகிவிடும், வாடிய இலையைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றினால் அதோடு முடிந்தது. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் கிளைக்கும். வெட்டும்போது இலை இருக்கிற பச்சைத் தண்டு வரைதான் வெட்ட வேண்டும். அடியில் கட்டை ஆன பகுதியில் வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. மூன்று நான்கு வருடத்தில் செடி முழுக்கக் கட்டையாகி இலை சிறுத்துவிடும். அதற்கு முன்பே ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மணலில் ஊன்றி அடுத்த செடியைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஊதா நிறத்தில் பூ விட்டால் பறித்துவிட அவசரப்பட வேண்டாம். தேனீக்களுக்கு அவ்வளவு பிடிக்கும். பூவையும் சாப்பிடலாம், இலையைவிட மென்மையான வாசனை.

பட்டை வரி, ஊதா இலை, மூன்று நிற இலை என்று அழகழகான ரகங்களும் நர்சரியில் கிடைக்கும். சமையலுக்கு அகலமான சாம்பல் பச்சை இலை ரகம்தான் நல்லது, வெண்ணெயில் பொரிக்க அதில்தான் இடம் இருக்கிறது. வாங்கும்போது சால்வியா அஃபிசினாலிஸ் என்று சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்புப் பூவுக்காக வளர்க்கும் சால்வியாக்கள் அடுப்படிக்கு உதவாது.