மூல உறுதி தேடிய தவக்காலம்

2025 மார்ச் 5, புதன்

விபூதிப் புதன், கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் நாள். காலைப் பூசையில் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசினார். திரும்பி வரும்போது அடுத்த வளவு மாஸ்ரர், தன் மூன்று திருநீற்றுக் குறியோடு, படலையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இண்டைக்கு நீங்களும் எங்கட ஆள்." வருஷா வருஷம் இதே பகிடிதான். வருஷா வருஷம் நானும் சிரிப்பேன்.

இன்றிலிருந்து உயிர்ப்புத் திருவிழா வரை எங்கள் கோயிலில் அல்லேலூயா கிடையாது. மருமகள் போகிற சபையோ ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை. புதன் கூட்டத்தில் இரவு எட்டரை வரை அந்தச் சொல்தான். ஊரில் அவர்களுக்குப் பெயரே அல்லேலூயாக்காரர். மனைவி தென்னிந்தியத் திருச்சபை, மானிப்பாய்ப் பக்கம். நான் குருநகரில் ஞானஸ்நானம் பெற்ற றோமன் கத்தோலிக்கன். ஒரு கூரை, மூன்று கோயில்.

அந்தச் சொல் தமிழுமில்லை, லத்தீனுமில்லை. எபிரேயம். 'ஹல்லேலு' என்றால் புகழுங்கள். 'யா' என்பது யாவே என்ற பெயரின் சுருக்கம். நாங்கள் நாற்பது நாள் பூட்டி வைக்கிறதும் கொட்டகை அதிர அவர்கள் முழங்குகிறதும் யூதரிடமிருந்து வந்த ஒரே சொல்தான். இதை மருமகளிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் சொல்லலாமே மாமா" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டில் இன்று பெரிய வழக்கு. பேத்திக்கு மறைக்கல்வியில் பத்துக் கட்டளை மனப்பாடம். அடுக்களையில் அப்பம்மாவிடம் ஒப்புவித்தாள்.

"ஐந்தாவது, கொலை செய்யாதே."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஆறாவது."

"ஐஞ்சு அப்பம்மா. சிஸ்டர் சொன்னவ."

மனைவி கையைத் துடைத்துவிட்டுத் தன் தகப்பனாரின் கறுத்த மட்டை வேதாகமத்தை எடுத்து வந்தாள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சாவகச்சேரி வரை சைக்கிள் கரியரில், அரிசிப் பைக்கு மேலே இருந்து வந்த புத்தகம். ஓரமெல்லாம் கறையான். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை விரித்து விரல் வைத்து எண்ணினாள். ஆறுதான் வந்தது. பிள்ளை என்னைப் பார்த்தது.

வசனங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். வெட்டுகிற இடம்தான் வேறு. விக்கிரகம் செய்யாதே என்பதை நாங்கள் முதலாம் கட்டளைக்குள் அடக்கிவிடுவோம். அதனால் ஒன்று குறையும். கடைசியில் பிறன் மனைவி, பிறன் பொருள் என்று இரண்டாக்கிப் பத்தை நிரப்புவோம். இது அகுஸ்தீனார் போட்ட கணக்கு. லூத்தர் பிரிந்து போனபோதும் இந்தக் கணக்கைக் கையோடு கொண்டுபோனார். மனைவியின் சபைக்காரர் விக்கிரகத்தைத் தனியே இரண்டாவதாக வைப்பார்கள். யூதரின் எண்ணிக்கை இரண்டிலும் சேராது. "உன்னை எகிப்திலிருந்து கொண்டுவந்த உன் கடவுள் நானே" என்கிற வரிதான் அவர்களுக்கு முதலாவது. ஆனால் கொலை அவர்களுக்கும் ஆறாவதுதான்.

அதைச் சொன்னது பிழையாகப் போய்விட்டது. மத்தியானம் முழுக்க வெற்றி நடை. நானும் விடவில்லை. "உங்கட வேதாகமத்தில 66 புத்தகம், எங்களுக்கு 73. மக்கபே எங்கை?" எபிரேயப் பட்டியலில் அது இல்லை என்றாள். உண்மைதான். லூத்தரின் காலத்துக்குப் பிறகு அவர்கள் பழைய ஏற்பாட்டுக்கு எடுத்தது யூதரின் எபிரேயப் பட்டியல். எங்களுடையது கிரேக்க மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அதைத் தொடங்கியவர்களும் அலெக்சாந்திரியா யூதர்களே. யூதர் இன்றும் எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகையின் கதை மக்கபே நூல்களில்தான் இருக்கிறது. அந்த நூல்கள் அவர்களுடைய வேதத்தில் இல்லை, எங்களுடையதில் இருக்கின்றன! அண்ணன் வீட்டுக் கலியாணப் படம் தம்பி வீட்டு அலுமாரியில் கிடக்கிற மாதிரி.

மார்ச் 23, ஞாயிறு

பின்னேரம் பேத்தியோடு கோட்டைக்குப் போனேன். ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய கோயில் 1990 சண்டையில் போனது. இப்போது கல்லும் புல்லும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு அவர்கள் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் யோசே வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து, சில்லாலையில் தங்கி, இரவில் இரகசியமாகப் பூசை வைத்தார். துரத்தியவர்களும் ஞாயிறு தவறாமல் இதே இயேசுவிடம் செபித்தவர்கள்தான். பிள்ளைக்கு இது விளங்கவில்லை. ஐஸ்கிறீம் விளங்கியது.

மார்ச் 29, சனி

வட்டுக்கோட்டையில் மனைவியின் சித்தப்பாவின் செத்தவீடு. சேமக்காலை வரை நடந்தோம்.

யாழ்ப்பாணத்து வேதக்காரரின் சபையைக் கேட்க வேண்டாம், ஊரைக் கேட்டால் போதும். 1814இல் வந்த வெஸ்லியன்காரருக்குப் பட்டணமும் பருத்தித்துறையும். 1816இல் வந்த அமெரிக்க மிஷனுக்குத் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய். 1818இல் வந்த அங்கிலிக்கன்காரருக்கு நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய். பூட்டன் எந்த ஒழுங்கையில் குடியிருந்தாரோ அதுவே பேரனின் இறையியல். 1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றாகச் சேர்ந்தபோதும், இங்கே உள்ளே போனது அமெரிக்க மிஷன் வழிவந்தவர்கள்தான். இலங்கையின் மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் வெளியே நின்றுவிட்டார்கள்.

நான் நொத்தாரிசு கந்தோரில் 31 வருஷம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதினவன். முதுசக் காணியைப் பிள்ளைகள் பிரிக்கும்போது எல்லை, பரப்பு, வேலி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி போடுவோம்: கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும். வேலி எத்தனை போட்டாலும் கிணறு ஒன்று. வழக்கு வந்தால் மூல உறுதியைத் தேடுவோம். சேமக்காலையில் போதகர் 23ஆம் சங்கீதம் வாசித்தபோது எனக்கு அதுதான் ஓடியது. தாவீதின் பெயரில் உள்ள பாட்டு. எந்தச் சபைச் செத்தவீட்டிலும் இதுதான். உரிமைக்காரனின் பெயரை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பஸ்ஸில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எங்கள் ரெண்டு பேரையும் எங்கை போடுவினம்?" 1981இல் எங்கள் கலியாணத்தின்போது, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார் ஒரு சுவாமி. பெயர் வேண்டாம். அவளுடைய தகப்பனார் கோயிலுக்குள் வரவில்லை. பூசை முடியும் வரை வெளியே வேம்பின் கீழ் நின்றார், குடையை விரித்துக்கொண்டு. மழை இல்லை.

பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

போயா. பறுவ நிலா பனைக்கு மேலே தாம்பாளம் போல. இன்றிரவு யூதருக்குப் பாஸ்கா தொடக்கம், எகிப்தை விட்டு வந்ததை நினைக்கும் பண்டிகை. நீசான் மாதப் பறுவம். இயேசுவும் சீடர்களும் எருசலேமில் கொண்டாடப் போன அதே பண்டிகை. ஆதியில் சின்ன ஆசியாவில் சில சபைகள் யூதரோடு சேர்ந்து நீசான் 14இலேயே தங்கள் பாஸ்காவையும், அதாவது உயிர்ப்புத் திருவிழாவையும், வைத்தன. ரோமாபுரிக்காரர் ஞாயிறுதான் என்றார்கள். 325இல் நிசேயாச் சங்கம், யூதரின் கணக்கைப் பார்க்காமல் எல்லோரும் ஒரே ஞாயிறில் வைப்பது என்று முடித்தது. அதற்கு இந்த வருஷம் 1700 வயது. பிறகு அந்த ஒரே ஞாயிறும் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகியது வேறு கதை. இந்த வருஷம் அதிசயமாக இரண்டும் ஏப்ரல் 20. போன வருஷம் எங்களுக்கு மார்ச் 31, யூதருக்கு ஏப்ரல் 22. அவர்கள் ஒரு மாதத்தைக் கூட்டிவிட்டார்கள்.

"அது அதிக மாசம்" என்றார் மாஸ்ரர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "சந்திரனைப் பாத்து நாள் வைக்கிறவன் எவனும் அதைச் செய்யத்தான் வேணும்." பிறகு தன் வழக்கமான சாட்சியைக் கூப்பிட்டார்: ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தை மொழிபெயர்க்க உதவியவர் நாவலர். விளக்கு, தூபம், படையல் எல்லாம் அஞ்ஞானம் என்று பாதிரிமார் எழுதியபோது, 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி, அவர்களுடைய வேதத்திலேயே யூதரின் ஆலயத்தில் இதெல்லாம் இருக்கிறதே என்று வசனத்தோடு கேட்டார். எங்கள் வேருக்கு யூத மண் ஒட்டியிருக்கிறது என்று யாழ்ப்பாணத்துப் பாதிரிமாருக்கு எடுத்துக் காட்டியவர் ஒரு சைவர். மாஸ்ரருக்கு இதில் இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓசன்னாவும் எபிரேயம், "மீட்டருளும்" என்று கெஞ்சுகிற சொல். நாங்கள் அதை வாழ்க, வாழ்க என்கிற தொனியில் பாடுகிறோம். பேத்தி ஓலையில் சிலுவை செய்யப் போய்க் கிளி செய்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

எங்கள் பூசை முடிந்து மனைவியோடு அவளுடைய ஆராதனைக்கும் போனேன். திருவிருந்துப் பந்தியில் எனக்குப் பங்கில்லை. பின் வாங்கில் இருந்து பார்த்தேன். கரை வெட்டிய பாண், சதுரம் சதுரமாக, வெள்ளித் தட்டில். விரலளவு கிளாசில் முந்திரிகைச் சாறு. எங்களுடையது புளிப்பில்லாத அப்பம், காசு போல மெல்லியது. எகிப்தை விட்டு அவசரமாகப் போனவர்களுக்கு மா புளிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த அவசரம் எங்கள் தட்டில் இருக்கிறது, அவர்கள் தட்டில் இல்லை. இது நான் ஜெயித்த வழக்கு. ஆனால் பெருமை பேச விஷயமில்லை. 1054இல் கிழக்கும் மேற்கும் பிரிந்த சண்டையில் இந்தப் புளிப்பும் ஒரு காரணம். ஈஸ்ற்றுக்காக ஒரு திருச்சபை!

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் இன்றிரவு வீட்டிலேயே புளிப்பில்லாத பெசகா அப்பம் சுட்டு, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுப்பார் என்று யூடியூபில் பார்த்தேன். பெசகா என்பதும் பாஸ்காதான். நாங்களும் செய்வோம் என்றேன். "இஞ்சருங்கோ, எங்கட ரொட்டியில எப்ப புளிப்பு இருந்தது?" என்றபடி அவள் கோதுமை மாவைக் குழைத்தாள். தேங்காய்ப்பூப் போடாமல் சுட்டது. ஒரு பக்கம் கருகல். நான்தான் பிட்டேன், மருமகளும் கை நீட்டினாள். கட்டைச் சம்பல் இல்லாமல் இறங்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சின்ன வயதில் ஊரில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் கூத்து. என் மாமா ஒருவர் சாட்டையோடு வருகிற சேவகன். அடுத்த நாள் மீன் சந்தையில் கிழவிகள் அவருக்கு மீன் கொடுக்காமல் ஏசினார்களாம்: "யூதப் பயல்!" சாட்டையால் அடித்தவர்கள் ரோமச் சேவகர். யூதர் என்றால் இயேசு யூதர், மாதா யூதர், இராயப்பர் யூதர். அவர்களுக்கு மேடையில் வெள்ளை அங்கியும் பட்டும். தாடி ஒட்டி, முகத்தில் கரி பூசி விட்டவனுக்கு மட்டும் அந்தப் பெயர்.

எங்கள் கோயில்களிலும் இந்த நாளில், 'நம்பிக்கையற்ற யூதர்' என்று லத்தீனில் ஒரு மன்றாட்டு இருந்தது. அந்தச் சொல்லை 1959இல் 23ஆம் அருளப்பர் பாப்பரசர் எடுத்துவிட்டார். 1965 ஒக்டோபர் 28இல் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கான பழியை யூத இனம் முழுவதின் மேலும் போட முடியாது என்று எழுத்தில் வைத்தது. எனக்கு அப்போது பத்து வயது. கூத்தில் கரி அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது.

(யூதர் என்று எழுதினாலே காசாவைக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஷெல்லடியில் கோயில்களுக்குள் ஒதுங்கியிருந்த எங்களுக்கு அதில் யார் பக்கம் என்று யோசிக்க நேரம் எடுக்காது. நான் எழுதுவது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய காணிக் கணக்கு.)

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்றிரவு திருவிழிப்பு. 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வழக்கமாகிவிட்டபடி படலையில் பை சோதித்தார்கள். இந்த முறை மனைவியும் மருமகளும் வந்தார்கள், பிள்ளையின் மெழுகுதிரிக்காக. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரமில்லாவிட்டால் குறைக்கலாம், செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது சட்டம். இருட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் யூதரின் கதைதான் கேட்டோம். மனைவி வாசகர் முடிக்கும் முன்பே வசனத்தை முணுமுணுத்தாள், தன் பழைய மொழிபெயர்ப்பில்.

பிறகு சுவாமி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் சுருதியை உயர்த்தி, அல்லேலூயா பாடினார். மருமகள் இரண்டு கையையும் தூக்கி, கொட்டகையில் சொல்கிற மாதிரியே உரக்கச் சொன்னாள். முன் வாங்குக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் செய்தி: பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். 2015இல் காலிமுகத் திடலில் யோசே வாஸ் அடிகளைப் புனிதராக்கியவர். வானொலியைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பின்னேரம் மாஸ்ரர் துக்கம் விசாரிக்க வந்தார், தோய்த்துலர்ந்த வேட்டியோடு, முறையாக. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவியைப் பார்த்து மெய்யாகவே ஒரு சந்தேகம் கேட்டார்.

"பிள்ளை, இதுக்கு உங்களுக்கும் துடக்கோ?"

அவள் யோசித்தாள். "பாதி" என்றாள்.