அப்பா இல்லாத முதல் மணப்பாடு நடை

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மீன் ஏலம் கூறுகிறது. தாத்தா, அப்பா, இப்போது நான். பார்க்கிறவர்களுக்கு இது சத்தம் போடுகிற வேலையாகத் தெரியும். சத்தம் பாதிதான். ஏலம் முடிந்ததும் படகுக்காரருக்குப் பணத்துக்குப் பொறுப்பு ஏலக்காரன். வியாபாரி நாலு நாள் கழித்துத் தருவார், சில நேரம் தராமலும் போவார். அதற்காகக் கடலில் கிடந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அப்பா ஒருநாளும் அனுப்பியதில்லை. அம்மாவின் வளையல் இரண்டு முறை அடகுக்குப் போய் வந்திருக்கிறது.

அப்பாவுக்கு ஏலத்துக்கு அடுத்து வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. இன்று எங்கள் கோயில் பங்கிலும் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கூடுவார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருக்கு மருந்து வாங்க வேண்டும் என்று பேசுவார்கள். அப்புறம் இரண்டிரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போவார்கள். அந்தச் சபைக்காரர்கள்தான் ஆண்டுதோறும் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு, திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற கடற்கரை ஊரான மணப்பாடு வரை நடப்பார்கள். அப்பா ஒரு வருடமும் விட்டதில்லை. கடந்த தவக்காலத்தில் அவர் போய்விட்டார். இந்த முறை அவர் இடத்தில் நான் நடந்தேன்.

12-ஆம் தேதி சாயங்காலம் பனிமய மாதா பேராலயத்தில் செபித்துவிட்டுக் கிளம்பினோம். பதினோரு பேர். பழையகாயல், முக்காணி, ஆத்தூர் என்று இரவெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டே நடை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தில் ஏறும்போதே எனக்குக் குதிகாலில் கொப்புளம். சபைத் தலைவர், அப்பாவின் வயதுக்காரர், என்னைத் திண்டில் உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் துணி கட்டினார். "மாமா, விடுங்க, நானே கட்டிக்கிறேன்" என்றேன். "உங்க அப்பா எனக்குக் கட்டினதுடா இது, கணக்குத் தீருது" என்றார். எனக்குப் பேச வரவில்லை.

திருச்செந்தூரில் பகல் வெயில் தணியும்வரை படுத்திருந்துவிட்டு, ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் வழியாக 14 அதிகாலையில் மணப்பாடு சேர்ந்தோம். இருட்டு கலையும்போது அந்த மணல்மேட்டைப் பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் கடல், உச்சியில் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று இங்கே கரைசேர்ந்ததாம்; அதன் தலைவர் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-இல் இந்த மேட்டில் நட்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்வது. இரண்டே வருடத்தில், 1542-இல், மறைப்பணியாளரான புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். கோயில் 1581-இல் எழுந்தது.

எனக்குக் கோயிலைவிடக் கெபிதான். மேட்டின் கடல் பக்கத்தில், பாறைக்குள், சவேரியார் தங்கிச் செபித்த குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கிணறு. வெளியே உப்புக்கடல் அடித்துக்கொண்டிருக்க, கிணற்றில் நல்ல தண்ணீர். சவேரியார் தமிழ் தெரியாமல் வந்தவர். செபங்களைத் தமிழில் ஆக்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, கடற்கரைப் பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லிக்கொடுத்தார். "அவரும் கூவிப் பிழைச்சவர்தாம்ல" என்று அப்பா பிரியமாகச் சொல்வார். ஆனால் இந்தக் குகைக்குள் வந்துவிட்டால் அப்பா வாய் திறக்க மாட்டார். வாரம் முழுக்கக் கூவித் தேய்ந்த தொண்டை. கண்ணை மூடிச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பார். நானும் வைத்தேன். பாறை ஈரமாகக் குளிர்ந்திருந்தது. அவர் என்ன கேட்டிருப்பார் என்று அங்கே நின்று நெடுநேரம் யோசித்தேன்.

பூசை முடிந்து, இயேசுவின் மெய்யான சிலுவையின் சிறு துண்டு பதித்த திருப்பண்டத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசை. பேருந்தில் வந்திருந்த அம்மா எனக்கு முன்னால் நின்றாள். முத்தி செய்துவிட்டு நகர மனமில்லாமல் அவள் நின்றதையும், பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தாததையும் மறக்க மாட்டேன்.

அப்புறம் மணலில் ஒரு பந்தல் நிழலில் சபைக் கூட்டம். நடைக்கு வந்தாலும் கூட்டத்தை விடுவதில்லை. முடிவில் பை சுற்றும். வாய் குறுகிய துணிப் பை. மூடிய கையை உள்ளே விட்டு, விரித்து வெளியே எடுக்க வேண்டும். ஆயிரம் போட்டாலும் ஒன்றுமே போடாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரிதான். இரகசியக் காணிக்கை என்று பெயர். யார் எவ்வளவு என்பதை ஊர் கேட்கச் சொல்வதே தொழிலாகக் கொண்ட மனிதர், வாரத்தில் ஒரு தடவை தொகை சொல்லாத இந்தப் பைக்காகத்தான் அந்தச் சபையில் இருந்தார் என்று எனக்கு அன்றுதான் பட்டது.

பை என்னிடம் வந்தது. போட்டுவிட்டு அடுத்தவரிடம் நீட்டப் போனேன். பந்தல் ஓரத்தில் இருந்த அம்மா எழுந்து வந்தாள். அவள் சபையில் இல்லை. தலைவரைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டினார்.

வளையல் உரச, மூடிய கை உள்ளே போனது. விரிந்து வெளியே வந்தது.