அம்மு, பட்டு, ஒரு பெயர் ரயில்

டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். மரவேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பெங்களூரிலிருந்து பேத்தியும் பேரனும் தசரா லீவுக்கு குன்னூர் வருவதற்குள் ஆளுக்கொரு பெயர் ரயில் செய்து வைப்பது என்று ஜூலையில் ஆரம்பித்தேன். ஒரு எழுத்துக்கு ஒரு பெட்டி, கடைசியில் எஞ்சின். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

எந்தப் பெயர் என்பதிலேயே தகராறு. "ஸ்கூல் பேரே போடுங்கப்பா, பெரிசானாலும் வெச்சிருப்பாங்க" என்றாள் மகள். ஸ்கூல் பெயரைத்தான் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒட்டியாயிற்றே! பேத்தியை அம்மு என்றும் பேரனைப் பட்டு என்றும் கூப்பிடுவது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதையே போடுகிறேன் என்றேன். பேரனின் ஸ்கூல் பெயருக்கு ஏழு பெட்டி ஆகும் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

மரத்துக்கு அலையவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக், சா மில்லில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு போக்கில் அறுத்த பலகையில் மீன் செதில் மாதிரி மினுக்கும் வரிகள் இருக்கும், அதைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டேன். இதன் தூள் சிலருக்கு உடம்பில் அரிக்கும். எனக்கு இரண்டாம் நாளே முழங்கை சிவந்தது. அப்புறம் முழுக்கைச் சட்டை, மாஸ்க் இல்லாமல் ரம்பத்தைத் தொடவில்லை.

முதல் பெட்டியை 2 செ.மீ. கனத்தில் செய்தேன். சக்கரம் மாட்டி வைத்ததும் குடிகாரன் மாதிரி சாய்ந்தது. இரண்டு பலகையை ஒட்டி 4 செ.மீ. ஆக்கினால்தான் நிற்கிறது. ஆனால் இந்த ஊர் மூடுபனியில் மரப்பசை காய்கிறதா என்ன! காலையில் இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றினால் பலகை மெல்ல வழுக்கிக்கொண்டு நகர்கிறது. ஒட்டினதை அடுப்படி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்தேன். வீட்டுக்காரி தாளித்த கடுகு இரண்டு இன்னும் ஒரு பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

சக்கரத்துக்கு முதலில் சீகை மரக் கம்பை வட்டம் வட்டமாக அறுத்தேன். பச்சையாக இருந்தபோது அழகுதான். ஒரு வாரத்தில் காய்ந்து நடுவிலிருந்து விளிம்புவரை வெடித்துவிட்டது. பரணில் மகள் விளையாடிய கேரம் போர்டு இருந்தது ஞாபகம் வந்தது. காய் 19. எல்லாம் ஒரே அளவு, மேலே கடைந்த வளையம் இருப்பதால் நடுமையம் தேட வேண்டியதே இல்லை. எஞ்சினும் மூன்று பெட்டியும் சேர்ந்தால் 16 சக்கரம். துளை போடும்போது எடுத்த எடுப்பில் 6 மி.மீ. பிட்டை வைத்ததில் இரண்டு காய் பிளந்து போயிற்று. 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் பிறகு பெரிசாக்க வேண்டும். 16 போக மிஞ்சியது ஒன்று, அது சிவப்பு. பட்டுவின் ரயிலுக்குக் கடைத்தெருவில் புதுக் காய் செட் வாங்கினேன். அச்சுக்கு மூங்கிலைச் சீவிக்கொண்டேன்.

எழுத்துக்கு வருகிறேன். நூல் மாதிரி பிளேடு மாட்டிய கைரம்பம், ஃப்ரெட்சா என்று கேட்டால் கடையில் தருவார்கள். 'ட' மாதிரி மரவேலைக்காரனுக்கு வாய்த்த எழுத்து கிடையாது. ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கவாட்டில், ஐந்து நிமிஷத்தில் கையில் வந்துவிடும். 'ப'வும் சாது. 'அ'வின் சுழி நாலு பிளேடைத் தின்றது. 'மு'வின் வாலை வளைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இருமினால் போச்சு.

இவை எல்லாவற்றையும்விடப் படுத்தியது புள்ளி. 'ம்', 'ட்' இரண்டுக்கும் தலைக்கு மேல் புள்ளி தனியாக நிற்கிறது, எழுத்தோடு ஒட்டுறவே இல்லை. சின்ன வட்டமாக அறுத்து ஒட்டினேன். நகத்தால் நெம்பினால் வந்துவிடுகிறது. வீட்டில் கைக்குழந்தை வேறு வரப்போகிறது, எதைக் கண்டாலும் வாயில் போடுகிற வயசு வரும். சோபாவுக்கு அடிக்கிற பித்தளைத் தலை ஆணியும் அதே கதைதான். எழுத்திலிருந்து ஒரு குச்சியை மேலே விட்டு நுனியில் புள்ளி வைத்துப் பார்த்தேன். வீடியோ காலில் மகள் சிரித்தாள்: "என்னப்பா, ஆன்டெனா வெச்சிருக்கீங்க?"

கடைசியில் புள்ளி வர வேண்டிய இடத்தில் 10 மி.மீ. பிட்டை வைத்து, பெட்டியின் முன்பக்கமிருந்து பின்பக்கம்வரை ஓட்டை போட்டுவிட்டேன். பிய்த்துக்கொண்டு வர ஒன்றுமில்லை. பழைய காலத்தில் பனையோலையில் எழுதும்போது, எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று புள்ளியே வைக்காமல் விட்டார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் ஓட்டைக்குப் பயந்தார்கள், எனக்கு ஓட்டைதான் புள்ளி.

உப்புத்தாள் 80, 120, 220 என்று மூன்று நம்பர் தேய்த்தேன். பூச்சுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய். குன்னூரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், இரண்டையும் ஒன்றாக வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கினேன். அந்தப் பாத்திரம் இனி எனக்கே என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

பிள்ளைகள் வந்தார்கள். பட்டு பார்த்ததும் சொன்னது: "தாத்தா, எஞ்சினைப் பின்னாடி மாட்டிட்டீங்க." தப்பில்லை கண்ணா என்றால் நம்பவில்லை. அக்டோபர் மழைக்கு மண் சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக முடிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 7.10க்குக் கிளம்பிய வண்டி, பெட்டிகளை முன்னால் விட்டு, புகை கக்கிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளியபடி வந்து நின்றது. ஏற்றத்தில் ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருண்டு ஓடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் என்றேன். 1899-லேயே குன்னூர்வரை வந்த பாதை, தண்டவாளத்துக்கு நடுவில் பல் பட்டை இருக்கிறது பார் என்று காட்டினேன். வயசைப் பற்றி அவனுக்கு அக்கறையில்லை. பல் மட்டும் பிடித்துவிட்டது. "நம்ம ரயிலுக்குப் பல் எங்கே?" அடுத்த வேலை வந்துவிட்டது.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி கொக்கி, வளையம். அம்முவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தரையில் குப்புறப் படுத்து தம்பியின் 'ப'வைக் கழற்றித் தன் 'அ'வை அங்கே மாட்டினாள். விரலை வைத்து, "அ... ட்... டு. அட்டு!" என்று வாசித்தாளே, வீடே அதிர்ந்தது. மிஞ்சிய பெட்டிகளைச் சேர்த்தால் 'பம்மு'. அன்றிலிருந்து தம்பி அட்டு, அக்கா பம்மு. ராத்திரி கரண்ட் போனபோது டார்ச்சை 'ம்' பெட்டிக்குப் பின்னால் பிடித்து, சுவரில் புள்ளி மட்டும் விழ வைத்தார்கள். நானும் கொஞ்ச நேரம் பிடித்தேன். மகள் பழைய கறுப்புக் காய் ஒன்றைச் சுற்றிப் பார்த்து, "அப்பா, இது என் கேரம் போர்டு காய்தானே?" என்றாள். நான் அடுப்படிப் பக்கம் போய்விட்டேன்.

பெங்களூர் போனதும் மரம் காய்ந்து சுருங்கி, பட்டுவின் ரயிலில் இரண்டு சக்கரம் கழன்றுவிட்டது. இங்கே ஈரத்தில் இறுக்கமாக இருந்ததை நம்பிப் பசை போடாமல் விட்டது என் தப்பு. மே மாதம் வரும்போது சரிசெய்ய வேண்டும்.

மகன் வீட்டில் பிறந்த கைக்குழந்தைக்கு மூன்றாவது ரயில். இரண்டு செட்டிலும் மிஞ்சிய காய் நாலு, அதில் இரண்டு சிவப்பு. அதை வைத்து எஞ்சினை மட்டும் முடித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் செல்லப் பெயர் ஒட்டவில்லை, ஆளாளுக்குப் பாப்பா என்கிறார்கள். எத்தனை பெட்டி என்று தெரியாமல் காய் வாங்கவும் முடியாது. நேற்று போனில் பட்டுதான் யோசனை சொன்னான்: "டட்டுன்னு வெச்சிடுங்க தாத்தா. உங்களுக்கு ஈஸி."