தாங்குபொருள் ஆய்வில் இறங்குவோருக்கு: கரைப்பதிலிருந்து தொடங்குங்கள்

நீர்ம மையைத் துளிகளாகத் தெளித்து ஒளியால் இறுக்கும் இங்க்ஜெட் முறையில் பாலிமர் பாகங்களை உருவாக்கும் முப்பரிமாண அச்சுக்கு ஏற்ற தாங்குபொருளை வடிவமைப்பதே என் முதுநிலைத் திட்டப்பணி. அந்தரத்தில் நீண்டிருக்கும் பகுதியையும் உட்குழிவையும் அச்சு முடியும் வரை தாங்கி நின்று, பிறகு நீரில் கரைந்து சுவடின்றி விலக வேண்டிய பொருள் அது.

அச்சுத்தலையிலிருந்து வேலையைத் தொடங்கியதுதான் நான் செய்த பிழை. மையின் பாகுநிலையை 10 முதல் 12 மில்லிபாஸ்கல்-நொடிக்குள் கொண்டுவருவதிலும், ஓனசார்கே எண்ணின் (பாகுநிலையைப் பரப்பு இழுவிசை, அடர்த்தி, துளி அளவு ஆகியவற்றோடு ஒப்பிடும் எண்) தலைகீழ் மதிப்பை 1-க்கும் 10-க்கும் இடையே நிறுத்துவதிலும் முதல் பருவம் முழுவதும் கழிந்தது. அவ்வரம்புகள் தேவைதான், ஆனால் துளி ஒழுங்காக விழுமா என்பதை மட்டுமே அவை சொல்லும். (அறை வெப்பநிலையில் பாகுநிலையை அளந்துவிட்டு, சூடாக்கிய அச்சுத்தலையில் மையை ஊற்றிய கூத்தும் நடந்தது. தெளிக்கும் வெப்பநிலையிலேயே அளந்துகொள்ளுங்கள்.)

எங்கள் கலவையில் அக்ரிலாயில்மார்ஃபோலினும், வினையில் சேராத பாலிஎத்திலீன் கிளைக்காலும், ஒளி பட்டதும் வினையைத் தொடக்கும் ஒளித்தூண்டி சிறிதளவும் இருந்தன. முதலாவது ஒற்றை வினைத்தொகுதி (மற்ற மூலக்கூறுகளோடு பிணையும் இடம்) கொண்டது என்பதால் புறஊதா ஒளியில் நேர்ச்சங்கிலிகளாக இறுகும்; அவை நீரில் கரையும். கண்ணாடித் தகட்டில் தனியே இறுக்கிய வில்லை கிளறாமலேயே கரைந்ததைக் கண்டு வேலை முடிந்ததென்றே நினைத்தேன். அதே மையை 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கால்வாய்க்குள் அச்சிட்டு ஊறவைத்தபோது, நடுப்பகுதி கரைந்துபோயும் சுவரை ஒட்டி வெண்படலம் ஒன்று எஞ்சியது. ஊசியால் நெருடினால் ஜெல்லி போல வழுக்கியதே தவிர உரிந்து வரவில்லை. பாகத்துக்கான மையில் இரட்டை வினைத்தொகுதி அக்ரிலேட் இருந்தது. ஒளி படுமுன் இரு மைகளும் எல்லையில் கலந்து, அங்கே மட்டும் குறுக்குப் பிணைப்பு வலையாகிவிட்டன. அத்தகைய வலை நீரில் ஊறிப் பருக்குமே தவிரக் கரையாது.

ஆகவே, இத்தலைப்பை எடுப்போர் தாங்குபொருளைத் தனித்துச் சோதிப்பதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டு, பாகத்தின் மையோடு சேர்த்து அச்சிட்ட மாதிரியிலேயே கரைதலை அளக்க வேண்டும். கால்வாயின் நீளத்தையும் மாற்றிப் பாருங்கள்: விரவலை (மூலக்கூறுகள் தாமாகவே நீரில் பரவுவதை) மட்டுமே நம்பினால், நீளம் இரு மடங்காகும்போது நேரம் ஏறத்தாழ 4 மடங்காகும் என்பதால், குட்டி மாதிரியில் கிடைத்த கணக்கு நீண்ட பாகத்துக்குச் செல்லாது. துளி விழுவதற்கும் ஒளி படுவதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைத்தபோது எங்கள் படலம் மெலிந்தது. பாலிஎத்திலீன் கிளைக்காலைக் கூட்டியபோது கரைதல் விரைந்தது, ஆனால் தாங்கும் வலு குறைந்து மேல்விளிம்பு தொய்ந்தது. இந்த இழுபறியை ஆய்வேட்டில் மறைக்காமல், கலவை விகிதத்துக்கு எதிரே கரையும் நேரத்தையும் தொய்வின் அளவையும் ஒரே வரைபடத்தில் இட்டேன். வாய்மொழித் தேர்வில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு படத்தைப் பற்றியவையே.