கடல் முள்ளெலி தொட்டிக்குப் பழகிய ஐந்து மணி நேரம்

போன மார்கழியில் என் முதல் கடல் முள்ளெலி (உருண்டை ஓடு முழுக்க முள் நிறைந்த கடல் உயிர்) செத்துப் போனது. பின்னேரம் வீட்டுக் கடல் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டேன். விடியப் பார்த்தால் நிமிர்ந்து நின்ற முட்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் படிந்து கிடந்தன. மத்தியானத்துக்குள் அவை ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. இரவு வெளியே எடுக்கும்போது தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. ஒரு வாரம் அந்தத் தொட்டிப் பக்கம் போகவே மனம் வரவில்லை.

நான் செய்தது மீனுக்கு வழமையாகச் செய்வதைத்தான். பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, இரண்டு கோப்பைத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, பிறகு உயிரை உள்ளே விடுவது. என் நெமோ மீன்கள் எல்லாம் அப்படித்தான் வந்தன, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பையை மிதக்கவிடுவதால் சமமாவது சூடு மட்டும்தான். உப்பு சமமாவதில்லை.

பையில் மிஞ்சிய தண்ணீர் நல்ல வேளையாக வாளியிலேயே இருந்தது. அதன் ஒப்படர்த்தியை அளந்து பார்த்தேன்; உப்பு கூடக் கூட இந்த எண்ணும் கூடும். பைத் தண்ணீர் 1.021, தொட்டி 1.027. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். முள்ளெலிக்கு அது தாங்க முடியாத வித்தியாசம். மீனுக்குச் சிறுநீரகமும் செவுளும் இருப்பதால் வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்குள் ஒரு அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முள்ளெலிக்கு அந்த வசதி இல்லை. அதன் ஓட்டுக்குள் நிறைந்திருப்பது கிட்டத்தட்டக் கடல் தண்ணீரேதான். நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் வேலை செய்வதும் உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தால்தான். வெளியே உப்பு சடாரென்று மாறினால் உள்ளேயும் மாறும், கால்கள் பிடி விட்டுவிடும், முட்கள் சாய்ந்துவிடும்.

அந்த இரண்டு எண்ணும் ஏன் அவ்வளவு விலகி நின்றன என்று யோசித்தபோதுதான் எனக்குத் திருகோணமலைக் கடலே விளங்கியது. மாரியில் மகாவலி ஆறு இங்குள்ள கொட்டியாரக் குடாவில் வந்து கொட்டுகிறது. போதாததற்கு, வாடைக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் வடக்கிலிருந்து எங்கள் கரையோரமாக இறங்கி வரும். என் முள்ளெலி வந்தது அந்தக் குடாவை ஒட்டிய கிண்ணியாப் பக்கத்திலிருந்து, அதுவும் நாலு நாள் மழைக்குப் பிறகு. வீட்டிலோ நிலைமை நேர்மாறு. தண்ணீர் சூடாகக் கூடாதென்று தொட்டிக்கு மேலே காற்றாடி ஓடுகிறது, நாள் முழுக்கத் தண்ணீர் ஆவியாகிறது. குறைந்ததை நான் கடல் தண்ணீராலேயே நிரப்பி வந்தேன். ஆவியாவது தண்ணீர்தானே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்பியிருக்க வேண்டும். இப்போது வடிகட்டி உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

இன்னொரு பிழை, உப்பளவு பார்க்க ஊசி ஆடும் மலிவு ஹைட்ரோமீற்றரை அதுவரை நம்பியது. ஊசியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். மச்சான் கொழும்பிலிருந்து வரும்போது, ஒளி வளைவதை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்று வாங்கி வந்தார். அதையும் ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற உப்பளவுள்ள கரைசல் ஒரு துளி விட்டுச் சரிபார்த்த பிறகுதான் பயன்படுத்தத் தொடங்கினேன்.

அப்புறம் பங்குனி வரை பொறுத்திருந்தேன். கடல் அமர்ந்து தண்ணீர் தெளிந்த நேரம், எனக்குத் தெரிந்த சுழியோடி அண்ணன் ஒருவரிடம் போனேன்.

"அண்ணே, முள்ளெலி பிறகு எடுப்பம். முதல்ல அது இருக்கிற இடத்துத் தண்ணி ஒரு போத்தல் கொண்டு வந்து தருவீங்களா?"

"தண்ணியா தம்பி?" என்று ஒரு கணம் பார்த்தார். "சரி, நாளைக்குக் கொண்டு வாறன்."

நிலாவெளிக்கு வடக்கே கடற்புல் படர்ந்த ஒரு திட்டிலிருந்து கொண்டு வந்தார். (பக்கத்துத் தீவான புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. அவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்.) போத்தல் தண்ணீர் 1.024 காட்டியது. தொட்டி இன்னும் 1.027இல் நின்றது. இந்த முறை உயிரைத் தொட்டிக்கு ஏற்ப இழுக்காமல், தொட்டியை உயிருக்கு ஏற்ப இறக்கினேன். 180 லீற்றர் தொட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு லீற்றர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் 1.025க்கு வந்தது. எல்லாவற்றிலும் பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். முள்ளெலி வீட்டுக்கு வருவதற்கு முன்னமே பாதி வேலை முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் அண்ணன் அதைக் கொண்டு வந்தார். இரட்டைப் பையில், இரண்டு லீற்றர் தண்ணீரோடு, ரெஜிபோம் பெட்டிக்குள். தோடம்பழ அளவு இருக்கும். கட்டைக்கட்டையான முட்கள், சில வரிசை வெள்ளை, சில வரிசை செம்மஞ்சள். டிரிப்னியூஸ்டெஸ் கிராட்டில்லா என்ற வகை. பாறை இடுக்கில் காலைக் குத்துகிற கறுப்பு நீள்முள் வகையைவிட வீட்டுத் தொட்டிக்கு இது தோதானது. இருந்தாலும் கையுறை போட்டுத்தான் வேலை செய்தேன்.

தண்ணீர் சொட்ட வைக்கப் பார்மசியில் ஒரு சேலைன் செற் வாங்கியிருந்தேன். இதற்கென்று தனியாக விற்கும் குழாய்களைவிட இது திறம், உருளையைத் தள்ளினால் துளி கூடும், குறையும். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்று உறையிலேயே போட்டிருக்கும். விநாடிக்கு மூன்று துளி வைத்தால் மணிக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல் வரும். அப்படியென்றால் இரண்டு லீற்றர் நாலாவதற்குக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பின்னேரம் நாலு மணிக்கு, பைத் தண்ணீரோடு முள்ளெலியை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இறக்கி, தொட்டிக்குக் கீழே கதிரையில் வைத்துத் துளியைத் திறந்தேன். மெதுவாகக் குமிழி விடும் காற்றுக்கல் ஒன்றும் பெட்டிக்குள் போட்டேன். அறை விளக்கை அணைத்துவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் அது அசையவில்லை. எனக்கு மார்கழி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஐந்தரை மணிபோல் போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, அந்த மங்கலில் குனிந்து பார்த்தேன். முட்களுக்கு இடையிலிருந்து நூல்போல ஒன்று நீண்டது. கண்ணாடிபோலத் தெளிவான நூல், நுனியில் கடுகளவு வட்டத் தட்டு. அது முள்ளின் நீளத்தையும் தாண்டி நீண்டு, பெட்டிச் சுவரைத் தொட்டு ஒட்டிக்கொண்டது. பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கொத்து. கொஞ்ச நேரத்தில் மொத்த உடம்பும் அந்த நூல்களைப் பிடித்து ஒரு விரற்கடை நகர்ந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

எட்டு மணிக்குப் பெட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, துளியைக் கொஞ்சம் கூட்டி இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். ஒன்பதுக்கு அளந்தபோது பெட்டியும் தொட்டியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. முள்ளெலியைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமல் இருப்பது நல்லது. ஒட்டியிருக்கும்போது பிடுங்கவே கூடாது, குழாய்க் கால்கள் அறுந்து போகும். நான் பெட்டியைச் சரித்துத் தொட்டித் தண்ணீருக்குள் அப்படியே அமிழ்த்தி வைத்தேன். அது தானாக வெளியே வர நாற்பது நிமிடம் எடுத்தது. எடுக்கட்டுமே.

கொழும்பிலிருந்து பையில் வாங்குபவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. ஆறேழு மணி நேரம் பூட்டிய பையில் உயிர் விடும் காபனீரொட்சைட்டு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்கியிருக்கும். கழிவில் வரும் அமோனியா அதனால் அவ்வளவு நஞ்சில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்து காற்றுக் குமிழி விட்டதும் பிஎச் ஏறும், அமோனியா நஞ்சாக மாறும். அந்தத் தண்ணீரில் ஐந்து மணி நேரம் வைத்திருப்பது கொல்வதற்குச் சமம். அவர்கள் அனுப்பும் கடையில் உப்பளவை முன்கூட்டியே கேட்டு, ஒரு வாளித் தண்ணீரை அந்த அளவுக்குத் தயாராக வைக்க வேண்டும். பை திறந்து, சூடு சமமானதும் அந்த வாளிக்கு மாற்றிவிட்டு, சொட்டு வேலையை அங்கே தொடங்கலாம். எனக்கு அரை மணி நேரப் பயணம்தான் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

செம்பு கலந்த மீன் மருந்து எப்போதாவது போட்ட தொட்டி என்றால் முள்ளெலி வேண்டாம். செம்பு கல்லிலும் மணலிலும் ஊறி நிற்கும், முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு.

மறுநாள் காலையில் அது கண்ணாடியில் ஏறி நின்றது. போன வழி முழுக்கப் பாசியில் சின்னச் சின்ன நட்சத்திரக் கீறல்கள், அடியில் இருக்கும் ஐந்து பல்லின் அடையாளம். உச்சியில் ஒரு மட்டிச் சிப்பியைத் தொப்பிபோல் பிடித்திருந்தது. இந்த வகை எதையாவது எடுத்துத் தலையில் சுமந்துகொண்டே திரியும்.

மூன்று கிழமையில் தொட்டிப் பாசி முழுவதும் தீர்ந்துவிட்டது. பசித்த முள்ளெலியும் மெல்ல மெல்ல முள் உதிர்க்கும் என்பதால், டச்சுக் குடாப் பாறைகளில் வளரும் பச்சைக் கடற்பாசியைக் கழுவி இரண்டு நாளைக்கு ஒரு தடவை கல்லில் செருகி வைக்கிறேன்.

இப்போது ஆவணி. மாரி தொடங்கினால் இங்குள்ள கடல் தண்ணீரை நம்பி எடுக்க முடியாது. 200 லீற்றர் நீலப் பீப்பாய் இரண்டு வாங்கிக் கழுவி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அண்ணனின் போட்டில் போய், கரையிலிருந்து தள்ளி, ஒன்றை நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.