எழுந்து நின்றவர்களின் சாட்சியம்

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வரலாற்றிலேயே பலமான குத்து யாருடையது என்ற விவாதம் எழும்போதெல்லாம் பெரும்பாலானோர் முதலில் நாக் அவுட் விழுக்காட்டைத்தான், அதாவது எதிராளியைச் சாய்த்து முடித்த வெற்றிகளின் பங்கைத்தான், எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். டியான்டே வைல்டர் தம் முதல் 43 வெற்றிகளில் 42-ஐ நாக் அவுட் மூலம் பெற்றவர். அந்த வெற்றிகளில் கடைசிச் சுற்றுவரை தாக்குப்பிடித்த ஒரே ஆளான பெர்மேன் ஸ்டிவர்னைக்கூட 2017-இல் நடந்த மறுபோட்டியின் முதல் சுற்றிலேயே அவர் சாய்த்துவிட்டார். ஆனால் விழுக்காடு என்பது குத்தியவரைப் பற்றிச் சொல்லும் அளவுக்குக் குத்து வாங்கியவர்களைப் பற்றியும் சொல்கிறது. தொடக்க காலத்தில் பெயரில்லாத எதிராளிகளை அடுக்கடுக்காகச் சந்தித்த ஒருவரின் விழுக்காட்டையும், இருபத்தைந்து முறை உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்ட ஜோ லூயிஸின் விழுக்காட்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருவிகளால் அளந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் ஃபிராங்க் புருனோவின் குத்தை ஆய்வாளர்கள் அளந்து 1985-இல் வெளியிட்ட முடிவின்படி, அவருடைய கை விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைச் சென்றடைந்தது. உச்ச விசை ஏறத்தாழ 4,096 நியூட்டன். புருனோ நல்ல பலசாலிதான், 1989-இல் மைக் டைசனையே முதல் சுற்றில் ஒரு கணம் நிலைகுலைய வைத்தவர்தான். இருந்தாலும், வரலாற்றிலேயே பலமான குத்து அவருடையது என்று வாதாட அவருடைய ரசிகர்களே முன்வருவதில்லை. காரணம் எளிது. ஆய்வகத்தில் தொங்கும் இலக்கு நகர்ந்து தப்புவதில்லை, திருப்பி அடிப்பதும் இல்லை. சண்டையில் ஒரு குத்து எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பது, அது தாடையின் எந்த இடத்தில் பட்டுத் தலையை எவ்வளவு வேகமாகத் திருப்புகிறது, வாங்குபவரின் கழுத்துத் தசைகள் அதை எதிர்பார்த்து இறுகியிருந்தனவா, அவர் அந்தக் கையைப் பார்த்தாரா இல்லையா என்பவற்றைப் பொறுத்தது. பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும் என்று குத்துச்சண்டைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அனுபவத்தில் விளைந்த உண்மை.

ஆகவே நான் நம்புவது சாட்சிகளை. அதிலும் எல்லாச் சாட்சிகளையும் நான் ஏற்பதில்லை. முதல் சுற்றில் விழுந்து பத்து எண்ணி முடியும்வரை எழாதவருக்கு ஒப்பிட்டுச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. தன் காலத்தின் பலசாலிகள் பலரோடு மோதி, அவர்களுடைய குத்துகளை வாங்கி, அதன் பிறகும் காலூன்றி நின்று சண்டையைத் தொடர்ந்தவரின் வாக்குமூலத்துக்குத்தான் மதிப்பு அதிகம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தேடினால் திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்து நிற்கிறது: எழுபதுகளின் அமெரிக்க ஹெவிவெயிட் எர்னி ஷேவர்ஸ். உலகப் பட்டத்தை ஒருபோதும் வெல்லாத, 14 முறை தோற்ற ஒருவர் இந்தப் பட்டியலின் தலையில் நிற்பது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அவருடைய தோல்விகளில்தான் அவருக்கான சான்றுகள் கிடைக்கின்றன என்பது என் வாதம்.

முதல் சாட்சி லாரி ஹோம்ஸ். 1978-இல் ஷேவர்ஸை பன்னிரண்டு சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் வென்ற ஹோம்ஸ், 1979 செப்டம்பரில் லாஸ் வேகஸில் பட்டத்தைக் காக்க அவரை மீண்டும் சந்தித்தார். ஏழாவது சுற்றில் ஷேவர்ஸின் வலக்கைக் குத்து ஒன்று தாடையில் இறங்க, அதுவரை சண்டையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். அந்த ஒளிப்பதிவைப் பார்ப்பவர் எவரும் அவர் எழுவார் என்று பந்தயம் கட்ட மாட்டார். அவர் எழுந்தார், அந்தச் சுற்றைக் கடந்தார், பதினோராவது சுற்றில் ஷேவர்ஸைத் தொடர முடியாமல் செய்து வென்றும் விட்டார். பிற்காலத்தில், தன்னை மிகவும் பலமாக அடித்தவர் ஷேவர்ஸ்தான், டைசன்கூட அவ்வளவு பலமாக அடிக்கவில்லை என்று ஹோம்ஸ் சொல்லியிருக்கிறார்.

இந்த வாக்குமூலத்தின் எடையை விவாதிப்பவர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஷேவர்ஸிடம் அந்தக் குத்தை வாங்கியபோது ஹோம்ஸுக்கு வயது 29. உடலும் கால்களும் உச்சத்தில் இருந்த காலம். டைசனைச் சந்தித்த 1988 ஜனவரியிலோ அவருக்கு வயது 38. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ரிங்கை விட்டு விலகியிருந்தவர் அவர். அந்தச் சண்டையின் நான்காவது சுற்றில் மூன்று முறை விழுந்து தோற்றார். வயது ஏறிய, பழக்கம் விட்டுப்போன உடலுக்கு எந்தக் குத்தும் இரட்டிப்பாக உறைக்கும். அப்படியானால் நினைவு டைசன் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். அந்த இயல்பான சாய்வையும் மீறி ஹோம்ஸ் ஷேவர்ஸைச் சுட்டுகிறார். இடையில் 1982-இல் ஜெர்ரி கூனியின் பெயர்பெற்ற இடக்கையையும் வாங்கியவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைவிடத் தகுதியான நடுவர் எனக்குத் தெரிந்து இல்லை.

முகமது அலியின் சாட்சியத்தை அதே அளவு நம்ப நான் தயங்குவேன். 1977 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதினைந்து சுற்றுகள் ஷேவர்ஸோடு மோதி வென்ற பிறகு, அந்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் உறவினர்களையே உலுக்கிவிட்டது என்று அலி சொன்னது உலகப் புகழ் பெற்றது. அலிக்கு அப்போது வயது 35. ஜோ ஃப்ரேசியரோடும் ஜார்ஜ் ஃபோர்மனோடும் மோதி ஓய்ந்த உடல். மிகைப்படுத்துவதும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தச் சண்டையின் இரண்டாவது சுற்றில் நடந்ததில் மிகை ஏதும் இல்லை. ஷேவர்ஸின் வலக்கை பட்டதும் அலி உண்மையாகவே தள்ளாடினார். உடனே, தள்ளாடுவதாக நடிப்பவர்போலக் கோமாளித்தனம் செய்தார். இது தன்னை உள்ளே இழுக்கும் தந்திரம் என்று எண்ணிய ஷேவர்ஸ் பாய்ந்து முடிக்காமல் தயங்கி நின்றுவிட்டார். உலகப் பட்டம் அந்தச் சில விநாடிகளில்தான் அவர் கையை விட்டுப் போயிற்று என்று கருதுபவர்களில் நானும் ஒருவன்.

எதிர்த்தரப்பின் வலுவான வேட்பாளர் ஃபோர்மன்தான். வியப்பான பொருத்தம் என்னவென்றால், ஷேவர்ஸ், ஃபோர்மன் இருவருடைய கணக்கிலும் நாக் அவுட் வெற்றிகள் 68. 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே காணாத ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் விழச் செய்தார் ஃபோர்மன். அவற்றில் ஒரு குத்து ஃப்ரேசியரின் இரு கால்களையும் தரையை விட்டே கிளப்பியது. 1994-இல் 45 வயதில், சண்டை முழுவதும் பின்தங்கியிருந்துவிட்டுப் பத்தாவது சுற்றில் வலக்கையால் மைக்கேல் மூரரைச் சாய்த்துப் பட்டத்தை மீட்டார். இருபத்தொரு ஆண்டு இடைவெளியில் இவ்விரண்டையும் செய்த கைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. வேகம் போகும், கால்கள் போகும், குத்தின் பலம் கடைசியாகத்தான் போகும் என்ற ரிங் வழக்கிற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதியதில்லை. ஆனால் இருவரிடமும் முழுதாக அடி வாங்கிய ரான் லைல் இருக்கிறார். 1975 செப்டம்பரில் ஷேவர்ஸ் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். லைல் எழுந்து வந்து ஆறாவது சுற்றில் ஷேவர்ஸை முடித்தார். நான்கே மாதங்களில், 1976 ஜனவரியில், லைலும் ஃபோர்மனும் மாறி மாறி ஒருவரையொருவர் தரையில் வீழ்த்திய அந்த வெறித்தனமான சண்டையில், ஐந்தாவது சுற்றில் லைல் தோற்றார். முடிவுகளை மட்டும் பார்த்தால் ஃபோர்மனின் கையே ஓங்கியிருக்கிறது. இருந்தும் லைல், ஃபோர்மன் உள்பட யாருமே ஷேவர்ஸைப்போல அடித்ததில்லை என்றே சொன்னார். தன்னைத் தோற்கடித்தவரை விட்டுவிட்டுத் தான் தோற்கடித்தவருக்கு ஒருவர் இந்தப் பெருமையைத் தருகிறார் என்றால், அதில் தற்பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஹோம்ஸ் தனியாகச் சொன்னதோடு அது பொருந்திப்போகிறது.

அப்படியானால் ஷேவர்ஸ் ஏன் இத்தனை முறை தோற்றார்? 1973-இல் ஜெர்ரி குவாரியிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தவர் அவர். தாடை உறுதியானது அல்ல. ஆறேழு சுற்றுகளுக்குப் பிறகு மூச்சு வாங்கும். அகலமாக வீசும் அவருடைய வலக்கை வருவதைத் தேர்ந்தவர்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள். ஃபோர்மன் எதிராளியைத் தள்ளி, மடக்கி, தப்ப வழியில்லாமல் மூலையில் நிறுத்திவிட்டு அடிப்பார். ஜோ லூயிஸ் சில அங்குலமே பயணிக்கும் குத்துகளை இடைவெளியின்றித் தொடுப்பார். 1938-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் லூயிஸ் முடித்த விதத்தைப் பார்த்தால், பலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனிக் கலை என்பது விளங்கும். அந்தக் கலையில் ஷேவர்ஸ் பின்தங்கியவர். கேள்வி தனியொரு குத்தின் பலம் பற்றியது என்பதால்தான் அவரை முதலில் வைக்கிறேன். தாக்கும் திறன் முழுவதையும் கணக்கில் எடுத்தால் லூயிஸையே வைப்பேன்.

பழைய காலத்தவரைப் பற்றி ஒரு சொல். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டைப் பதின்மூன்றாவது சுற்றில் ஒரே வலக்கைக் குத்தால் வீழ்த்திய ராக்கி மார்சியானோவின் எடை ஏறத்தாழ 184 பவுண்டு. 1919-இல் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்திய ஜாக் டெம்ப்சியும் அதே அளவினர்தாம். இன்றைக்கு இருந்தால் இருவரும் ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப்பிரிவான, 200 பவுண்டு வரம்புள்ள க்ரூசர்வெயிட்டில் சண்டையிட்டிருப்பார்கள். எடைக்கு எடை ஒப்பிட்டால் இவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர், ஆனால் இங்கே கேட்கப்படுவது எடையைக் கழித்த பலம் அன்று. வைல்டரின் நிலை இதற்கு நேர் மாறாகச் சிக்கலானது. 2018-இல் தன்னைவிட 44 பவுண்டு கனமான டைசன் ஃப்யூரியைப் பன்னிரண்டாவது சுற்றில் அசைவற்றுக் கிடக்கச் செய்தவர் அவர்; அந்த மெலிந்த உடலிலிருந்து அவ்வளவு பலம் வந்தது மலைப்பூட்டுகிறது. ஆனால் வைல்டரையும் எழுபதுகளின் பலசாலிகளையும் இணைக்கும் சாட்சி ஒருவர்கூட இல்லாததால் அவரை எங்கே வைத்தாலும் அது ஊகமே.

சானி லிஸ்டனின் பெயர் மட்டும்தான் என்னை இன்னும் தயங்க வைக்கிறது. 1962-இலும் 1963-இலும் ஃபிளாய்ட் பேட்டர்சனை இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே முடித்த லிஸ்டன், பிறர் தூரம் அளக்கப் பயன்படுத்தும் ஜேப் என்ற நேரான இடக்கைக் குத்தையே ஆளை உடைக்கும் ஆயுதமாக வைத்திருந்தார். அவரையும் ஷேவர்ஸையும் சந்தித்தவர் என்று நம் கையில் இருக்கும் பெரிய சாட்சி அலி ஒருவரே. 1964-இல் லிஸ்டனைச் சந்தித்த 22 வயது அலியோ, அந்தக் கைகள் தன்மேல் சரியாகப் படுவதற்கே பெரும்பாலும் இடம் கொடுக்கவில்லை. ஷேவர்ஸிடம் வாங்கியதுபோல் லிஸ்டனிடமும் அலி வாங்கியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்ற கேள்விக்கு அந்த ஒளிப்பதிவுகளில் விடை கிடைப்பதில்லை.