நாகராஜாவுக்குப் பால், சாரைக்குத் தடி

ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமையில் நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போவதாக இருந்தால் இருட்டோடு கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் மரத்தடி நாகர் சிலைகள் பக்கம் நெருங்கவே முடியாது, கையில் பால் பாக்கெட்டும் மஞ்சள்பொடிப் பொட்டலமுமாக மொத்த மாவட்டமும் அங்கேதான் நிற்கும், பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு. நானும் பெரியம்மாவும் போனது அப்படி ஒரு ஞாயிறு. பெரியம்மாவுக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. காரணம், அவர் வீட்டுக் குளியலறைக்குள் வந்த ஒரு பாம்பு.

ராத்திரி நேரம், சுவரோரமாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பழுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை. கட்டுவிரியன் என்று எல்லாரும் ஒரே குரலில் முடிவுகட்ட, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் பயமே ஆரம்பித்தது. இணை தேடி வரும், பழி வாங்காமல் விடாது, சர்ப்ப தோஷம் பிடிக்கும், பேத்திக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஆளுக்கொன்று சொல்லிவைக்க, பெரியம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். எனக்கு போனில் படம் வந்தது. பார்த்தால் வெள்ளிக்கோல் வரையன். சுத்தமாக விஷமில்லாதது, பல்லி பிடிக்கத்தான் சுவர் ஏறும்.

இதைச் சொன்னால் நேர்ச்சையை விட்டுவிடுவாரா என்ன! "விஷம் இல்லேன்னா இன்னும் பாவம்லா மக்கா" என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, கிளம்பிவிட்டோம்.

இந்தக் கோயிலில் எனக்குப் பிடித்ததே கருவறைதான். எல்லா ஊரிலும் கருவறைக்குமேல் விமானமும் கலசமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வெறும் ஓலைக்கூரை. ஒவ்வொரு வருஷமும் ஆடியில் பழைய ஓலையைப் பிரித்துவிட்டுப் புதிதாக வேய்வார்கள். அந்தக் கூரைக்குள் ஒரு பாம்பு காவல் இருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. புல்லறுக்கப் போன ஒரு பெண்ணின் அரிவாள் ஐந்து தலை நாகக் கல்லில் பட்டு ரத்தம் வந்தது, ஊர் திரண்டு அந்த இடத்தில் குடிசை கட்டிக் கும்பிட ஆரம்பித்தது என்பது தலபுராணம். களக்காட்டு ராஜாவின் சரும நோய் இங்கே வந்து தீர்ந்ததால்தான் ஆவணி ஞாயிறு விசேஷம் ஆனது என்றும் சொல்வார்கள். உள்ளே மூலவர் இருக்கும் இடத்தில் தளம் போடாமல் ஈரமண்ணாகவே விட்டிருக்கிறார்கள், அந்த மண்ணைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள். தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் ஆடி முதல் மார்கழி வரை கறுப்பாகவும் இருக்கும் என்பார்கள். எங்கள் கையில் விழுந்தது கறுத்து, விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு, வயல் வரப்பில் கிள்ளியெடுத்த மாதிரி இருந்தது. பெரியம்மா நெற்றியில் பூசிக்கொண்டு மிச்சத்தை வாழையிலைத் துண்டில் மடித்தார்.

போகிறவர்கள் மண்டபத் தூண்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். அங்கே சமணர்கள் கும்பிடுகிற பார்சுவநாதர் இருக்கிறார், மகாவீரர் இருக்கிறார், பத்மாவதி இருக்கிறாள். 16ஆம் நூற்றாண்டிலும் இங்கே சமணப் பண்டிதர்கள் இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. பார்சுவநாதர் தலைக்குமேல் படம் விரித்த நாகம், பக்கத்து சன்னதி அனந்தகிருஷ்ணனுக்கு அனந்தன், நடுவில் நாகராஜா. மதம் எதுவானாலும் பாம்பு மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

சரி, மரத்தடிக்கு வருவோம். அங்கே காலடியில் பாலும் மஞ்சளும் குழைந்து சேறாகக் கிடக்கும், வழுக்கும், புளித்த வாடையும் இருக்கும், அதைப் பக்தி என்று நினைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரியம்மா பாலூற்றிய கல்லில் இரண்டு பாம்புகள் பிணைந்து நின்றன, நடுவில் உண்டான ஓட்டைகளில் மஞ்சள் அப்பிப்போயிருந்தது. "ஒண்ணு நல்ல பாம்பு, ஒண்ணு சாரை, கேட்டியா. சாரைதான் ஆம்பள" என்றார் பெரியம்மா. பின்னால் நின்ற ஒரு அம்மாள் உடனே, பாம்பு பிணையும்போது மேலே வெள்ளைத்துணியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் பணம் பெருகும் என்று ஆரம்பித்தார். வரிசை களைகட்டிவிட்டது.

நம் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நல்ல பாம்பும் சாரையும் சேர்வதே கிடையாது. நல்ல பாம்பு நல்ல பாம்போடு, சாரை சாரையோடு. வயலில் இரண்டு சாரைகள் நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு நாம் பிணைகிறது என்கிறோமே, பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் போடுகிற சண்டை. ஒன்றை ஒன்று தரையில் அமுக்கப் பார்க்கும், தோற்றது போய்விடும். துணியைப் போட்டால் இரண்டும் போய்விடும், அவ்வளவுதான்.

எனக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒன்றுதான் உறுத்தியது. கல்லில் இருக்கிற சாரைக்கு இவ்வளவு பால், வீட்டுக் கொல்லையில் வருகிற சாரைக்குத் தடி. சாரை வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்பார்கள். அதன் வாலில் ஒன்றுமே கிடையாது. எலி பிடிக்க வருகிறது, பிடித்துத் தின்றுவிட்டுப் போகிறது. அதை அடித்துப் போட்டால் எலிக்குத்தான் கொண்டாட்டம், அந்த எலியைத் தேடி நல்ல பாம்பும் வரும். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை எழும்புகிறதா என்று மரத்தில் ஏறி நின்று பார்க்கும் என்பார்கள். அது மரத்திலேயே இருந்து ஓணானும் தவளையும் தின்கிற, விஷமில்லாத பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள், அதற்கு இருக்கிற கொஞ்ச விஷம் மனுஷனை ஒன்றும் செய்யாது. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று ஒரு பக்கம் பயம், இருதலைப் பாம்பு என்று லட்சக்கணக்கில் விலைபேசிக் கடத்துவது இன்னொரு பக்கம். மொண்ணையான வாலைத் தலை என்று நினைப்பதுதான் மொத்த வியாபாரமும். பாவம், இப்படிப் பழி சுமக்கிற எதுவும் ஆளைக் கொல்லாதவை.

கொல்லக்கூடியது சத்தமில்லாமல் வரும். நம் நாட்டில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது நாலு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியனை நினைத்தால்தான் எனக்குக் கலக்கம். ராத்திரிதான் நடமாட்டம், தரையில் படுத்திருப்பவரை உறக்கத்திலேயே கடிக்கும், வலிக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகிற நேரத்தில் வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தூக்க முடியாது, வார்த்தை குழறும், அப்புறம் மூச்சு. வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பெரியம்மாவுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடையாளமும் சொல்லிவைக்கிறேன். வெள்ளிக்கோல் வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே ஆரம்பித்துவிடும், தலைப்பக்கம் அகலமாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து கொஞ்ச தூரம் வெறும் கறுப்பு, அதன் பிறகே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக, வால் பக்கம் போகப்போகப் பளிச்சென்று. ஆனால் இதையெல்லாம் டார்ச் அடித்துக் கிட்டத்தில் போய்ச் சரிபார்க்காதீர்கள். தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போட்டால் போதும். பாம்பை அடிப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் போட்டுவைத்தேன், அவர் ரசிக்கவில்லை.

கடித்துவிட்டால் நாகராஜாவை மனதில் கும்பிட்டுக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறி ரத்தம் எடுக்காதீர்கள், பச்சிலை அரைக்கிறேன் என்று யாராவது உட்கார வைத்தால் உட்காராதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இத்தனைக்கும் அந்த நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து கையில் இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் சங்கம் வைத்திருக்கும் நம் இருளர்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பேருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின்மேல் பக்தி என்றால் அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் நான் கும்பிடுவேன்.

கோயிலிலிருந்து வந்ததும் பெரியம்மா பிரசாத மண்ணை வீட்டின் நாலு மூலையிலும் தூவினார். பூண்டை நசுக்கித் தெளிக்க வேண்டும், சிறியாநங்கை வைக்க வேண்டும் என்றார். சிறியாநங்கை நல்ல மூலிகை, இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதைப் பார்த்துப் பாம்பு திரும்பிப்போகாது என்றேன். குளியலறைத் தண்ணீர் போகிற குழாய் வாய்க்குக் கம்பிவலை அடித்தோம், சுவரை ஒட்டிக் கிடந்த விறகையும் பழைய கூரை ஓடுகளையும் கொல்லையின் கடைசிக்கு நகர்த்தினோம், கோழித்தீவனம் மூடிபோட்ட டிரம்முக்குப் போனது. தரைப்பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறவும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளவும் சம்மதித்தார். சாரையை அடிக்கவிடமாட்டேன் என்றும் சொன்னார். கொம்பேறி மூக்கன் விஷயத்தில் மட்டும் இறங்கிவரவில்லை, அவர் அம்மா நேரில் பார்த்தாராம்.